தகடூர்த் தன்குறிப்பியல்

பாயிரம்

மாணாக்க, கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேள். வேலை நாடுவான் ஒருவன் தன் பெயர், ஊர், கல்வி, பட்டறிவு, தொடர்பெண் ஆகியவற்றை ஒரு தாளில் அடக்கி, தன்னை முன்பின் அறியாதவன் கையில் சேர்ப்பது தன்குறிப்பு எனப்படும். அதனை ரெசியூம், பயோடேட்டா என மயங்க வழங்குவது கடைத்தெரு வழக்கு. அவ்வழக்கு இந்நூலில் விலக்கப்பட்டது.

சிறப்புப் பாயிரத்துக்கு எட்டு உறுப்பு உண்டென்று பவணந்தியார் நன்னூலில் வகுத்தார். தன்குறிப்புக்கும் அவ்வெட்டே உறுப்பு. ஆக்கியோன் பெயர் தலைப்பில் தடித்த எழுத்தில் நிற்பது. வழி, பயின்ற கல்லூரி. எல்லை, முகவரி. நூற்பெயர், நாடும் பணியின் பெயர். நுதலிய பொருள், கல்வியும் திறனும். கேட்போர், நிறுவனத்தார். பயன் என்பது ஊதியம். அதனை வெளிப்பட எழுதாது விடுதல் சான்றோர் மரபு. எஞ்சியது யாப்பு. எதனை முன்வைத்து எதனைப் பின்வைப்பது என்னும் அடைவே யாப்பு. எல்லாரும் இடறி விழுவது அங்கேதான் ஆகலின், இந்நூல் யாப்பு ஒன்றையே நுதலிற்று.

இனி நிலம். இந்நூல் தகடூர் என்னும் தருமபுரி மாவட்டத்துக்கு உரியது. சேலத்திலிருந்து 1965 அக்டோபர் 2 அன்று இம்மாவட்டம் பிரிந்தது. 2004 பிப்ரவரியில் இதிலிருந்து கிருட்டிணகிரி பிரிந்தது. பிரிந்தபோது ஓசூரையும் அதன் தொழிற்பேட்டைகளையும் உடன் கொண்டு சென்றது. அன்று முதல் வேலை ஒரு மாவட்டத்தும் வேலை நாடுவோர் ஒரு மாவட்டத்தும் ஆயினர். இதனாற் பிறந்த சிக்கல் ஒன்று உண்டு. 1999இல் ஓசூரிற் பிறந்தவனுக்குப் பிறப்புச் சான்றில் தருமபுரி மாவட்டம். இருப்பிடச் சான்றில் கிருட்டிணகிரி மாவட்டம். அவன் வீடோ ஓர் அடியும் நகரவில்லை. இதற்கு 'எல்லைப் பெயர்ச்சி' என்று பெயரிடுக. தன்குறிப்பில் இற்றை மாவட்டத்தையே எழுதுக.

இயல் 1: வாயிலோர்

தன்குறிப்பை முதலிற் காண்பவன் வேலை தருவோன் அல்லன், வாயிலோன். இவ்வுண்மையை முதலிற் கண்டவர் ஔவையார். கண்ட இடமும் இவ்வூரே. அதியமான் நெடுமான் அஞ்சி பரிசில் தராது நாள் கடத்தியபோது, அவர் மன்னனை விளிக்காமல் அவன் வாயிலோனை விளித்துப் பாடினார். புறநானூற்றில் 206ஆம் பாட்டு அது. அதில் பயின்ற இடம் இல்லை. பட்டறிவு ஆண்டு இல்லை. தொடர்பு முகவரியும் இல்லை. கைத்திறன் உடையார்க்கு எத்திசைச் சென்றாலும் சோறு உண்டு என்னும் துணிவு ஒன்றே உண்டு. இதனை 'வாயில்நோக்கு யாப்பு' என்க. நெல்லிக்கனி வரை சென்ற பெருவழி இது. எனினும் நீ பின்பற்றற்க. உனக்கு "கால் பண்றோம்ப்பா" என்னும் விடையே கிடைக்கும்.

அதே அரண்மனையிற் பெருஞ்சித்திரனார் கண்டது வேறு. மன்னன் அவரை நேரிற் காணாமலே பொருளைக் கொடுத்தனுப்பினான். காணாது ஈந்த பொருளைக் கொள்ளேன் என்று அவர் மறுத்தார். இது 208ஆம் பாட்டு. நேர்காணல் இன்றி வரும் பணியாணைக்கு இதுவே முற்காட்டு. இக்காலத்தில் அவ்வாறு வரும் ஆணை பெரும்பாலும் பதிவுக்கட்டணம், சீருடைக்கட்டணம் எனப் பின்னோடே பணம் கேட்கும். அங்கே பெருஞ்சித்திரனார் வழி நிற்க.

இனி இக்கால வாயிலோர் ஐவர். இவருள் எவன்முன் நிற்கப்போகிறாய் என்று அறிந்த பின்னரே யாப்பைத் தேர்தல் வேண்டும்.

கதவு வாயிலோன் முதல்வன். தொழிற்சாலை நுழைவில் நாற்காலியிட்டு அமர்ந்திருப்பவன். விடியற்காலையிற் பேருந்தேறிக் கிருட்டிணகிரி வழியே ஓசூர் சென்று இறங்குவோர் இவன்முன் நிற்பர். இவன் தன்குறிப்பைப் படிப்பதில்லை, "ஐடிஐயா, டிப்ளமாவா, டிகிரியா?" என்று கேட்டு அதற்குரிய அட்டைப்பெட்டியில் இடுவான். ஆதலின் இவனுக்குரிய தாளில் கல்வித் தகுதியும் தொழிற்பிரிவும் பெயருக்கு அடுத்த வரியிலேயே பெரிய எழுத்தில் நிற்றல் வேண்டும். ஃபிட்டர் இரண்டாம் பக்கத்தில் ஃபிட்டர் என்று அறிவிப்பானாயின், அவன் டிகிரிப் பெட்டியிற் கிடப்பான்.

இரண்டாமவன் பொறி வாயிலோன். பெருநிறுவனங்கள் வலைத்தளத்தில் வாங்கும் தன்குறிப்புகளை ஆளுக்கு முன்னே கணினி மென்பொருள் படித்து வகைப்படுத்தும். அதனை 'ஆள்வடிப்பான்' என்போம். இவனுக்குப் படம் தெரியாது. எழுத்து மட்டுமே தெரியும். இருநிரலாகப் பிரித்து எழுதினால் பலபோது இடவரியையும் வலவரியையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே மூச்சிற் படித்துவிடுவான். இடப்பக்கம் 'தந்தை பெயர்' என்றும், அதே வரியின் வலப்பக்கம் 'வெல்டிங், 3 ஆண்டு' என்றும் இருந்தால், தந்தையார் வெல்டிங் ஆகிவிடுவார். அறிவிப்பில் உள்ள சொல்லையே இவன் தேடுவதும் உண்டு. அறிவிப்பு சி.என்.சி. என்றால் நீயும் சி.என்.சி. என்றே எழுதுக. தனித்தமிழ்ப் பற்றினால் 'எண்ணாள் கடைசற்பொறி' என்று எழுதியவனை யான் மதிக்கிறேன்; ஆள்வடிப்பான் மதிப்பதில்லை.

மூன்றாமவன் தரகு வாயிலோன். ஒப்பந்த ஆள் தருவோன். வாட்சாப் என்னும் புலனத்தில் வாழ்பவன். அவன் கைப்பேசியில் 'resume' என்று பெயரிட்ட கோப்புகள் வரிசையாகக் கிடக்கும். எல்லாம் ஒரே பெயர். அவற்றுள் உன்னுடையதை அவன் தேடமாட்டான். கோப்புக்குப் பெயரிடும்போது உன் பெயர், தொழில், ஊர் என்னும் மூன்றும் வருக. 'புதியது', 'புதியது இறுதி', 'புதியது இறுதி 2' என்பன கோப்புப்பெயர் ஆகா. அவை ஆக்கியோனின் உளநிலையைக் கூறுவன.

நான்காமவன் படிவ வாயிலோன். அரசுப்பணிக்கு உரியவன். இவன் யாப்பைத் தானே அச்சிட்டுத் தந்துவிடுவான். கட்டத்தை நிரப்புவதே உன் பணி. தேர்வாணையத்தின் ஒருமுறைப் பதிவு உருபா 150 செலுத்தினால் 5 ஆண்டு நிற்கும். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல் வேண்டும். இவ்விரண்டு எண்ணையும் மாற்றி உள்ளத்திற் கொண்டு பதிவை இழந்தோர் ஊர்தோறும் உளர். இவன்முன் தன்குறிப்பை நீட்டுவது 'வறிது நீட்டல்' என்னும் குற்றம்.

ஐந்தாமவன் உறவு வாயிலோன். திருப்பூர்ப் பின்னலாடைக்கும் பெங்களூர்க் கட்டட வேலைக்கும் இவனே வாயில். தாள் வேண்டா. "நம்ம பையந்தாங்க" என்று ஒரு மாமன் சொன்னால் அதுவே முழுத் தன்குறிப்பு. ஐந்தனுள்ளும் விரைந்து வேலை தருவது இதுவே எனினும், கற்பித்தற்கு உரியது அன்று. மாமன் வேண்டும்.

இயல் 2: யாப்பு

தாளில் எழுதும் தன்குறிப்புக்கு யாப்பு மூன்று, வழுவமைதியாகக் கொள்ளத்தக்கவை இரண்டு, ஆக ஐந்து.

2.1 பின்முன் யாப்பு. அண்மையில் நிகழ்ந்ததை முதலிலும் நெடுநாள் முன் நிகழ்ந்ததைக் கடையிலும் வைப்பது. இன்றைய வேலை மேலே. அதற்கு முந்தையது கீழே. பள்ளியிறுதித் தேர்வு அடியில். நம் மாவட்டத்தார் பிறந்தநாளில் தொடங்கி ஒன்றாம் வகுப்பு வழியே மேலேறி வருவதை இயல்பாகக் கொண்டுள்ளனர்; அது கதை சொல்வதற்கு ஏற்ற அடைவு. வாயிலோன் கதை கேட்கும் பொறுமையுடையவன் அல்லன். அமெரிக்காவில் ஓர் ஆள்தேர் நிறுவனம் 2018இல் கண்ணசைவை அளந்து, ஒரு தன்குறிப்பின்மேல் முதற்பார்வை நிற்பது 7.4 நொடி என்று கண்டது. ஒன்றாம் வகுப்பில் தொடங்கினால் 7.4 நொடியில் ஐந்தாம் வகுப்பைக்கூடத் தாண்ட இயலாது. ஓரிடத்திலேனும் வேலை பார்த்தவர்க்கு இவ்யாப்பே தலை. கதவு வாயிலோனுக்கும் பொறி வாயிலோனுக்கும் ஒருங்கே பொருந்துவதும் இதுவே.

வேலையே பாராத புதுவர் இதனையே கல்வியை முன்வைத்து எழுதுக. கல்லூரிச் செயல்திட்டம், தொழிற்பயிற்சி, விடுமுறையில் அப்பனுடன் பார்த்த கடை ஆகியன பட்டறிவே. மாங்கூழ் ஆலையில் பருவகாலம் முழுதும் தரம் பிரித்தவன் 'பட்டறிவு: இல்லை' என்று எழுதுவதைக் கண்டிருக்கிறேன். அதனைத் 'தன்மறைப்பு' என்னும் குற்றமாக இயல் 3இல் வைக்கவேண்டும். ஆங்கு இடமின்மையால் இங்கே கடிந்தேன்.

2.2 திறன்முன் யாப்பு. ஆண்டையும் நிறுவனத்தையும் பின்தள்ளி, செய்யவல்லது இது என்று திறனை நிரல்பட வைப்பது. இதன் தலையாய காட்டு இத்தாலி நாட்டில் உள்ளது. ஏறத்தாழ 1482இல் டாவின்சி, மிலான் நகரை ஆண்ட லுடோவிக்கோவுக்கு எழுதிய ஓலை அது. எளிதிற் சுமக்கத்தக்க பாலம் கட்டுவேன், அகழிநீரை வடிப்பேன், கவசத்தேர் செய்வேன் என்று எண்ணிட்டுச் சொல்லிச் சென்று, ஓவியமும் வரைவேன் என்பதைக் கடைசியில் வைத்தார். கேட்போன் போர்க்கவலையில் இருந்தான் என்பதை அறிந்த அடைவு. எஞ்சியுள்ள படியின் கையெழுத்து அவருடையது அன்று என்பர் ஆராய்ந்தோர். ஆதலின் பிறரைக் கொண்டு எழுதுவித்தல் இழுக்கன்று. இதனை இயல் 3க்கு நினைவில் வைத்துக்கொள்க.

இவ்யாப்பை நம் நாட்டார் நாடுவது வேறொரு கரணியம் பற்றி. இடையிலே ஆண்டுகள் காணாமற்போவதை மறைத்தற்கு. இதற்கு 'காலவெறுமை' என்று பெயர். அது நால்வகை: தேர்வுவெறுமை, மணவெறுமை, நிலவெறுமை, நோய்வெறுமை. நான்காம் தொகுதித் தேர்வுக்குப் படித்த ஆண்டுகள் தேர்வுவெறுமை. இம்மாவட்டத்தில் இதுவே பெருவழக்கு. மணமும் மகப்பேறும் பற்றி வேலையை விட்ட பெண்டிர்க்கு உரியது மணவெறுமை. தக்காளி விலை ஏறியது கேட்டுப் பாலக்கோட்டுக்குத் திரும்பி, பயிர் காய்த்தபோது விலை இறங்கியிருக்கக் கண்டவனுடையது நிலவெறுமை. நான்கனுக்கும் விதி ஒன்றே: வெறுமையை ஒரு வரியில் வெளிப்பட எழுதி, ஆண்டைக் குறித்து, மேலே செல்க. 'ஆண்டு 2021 முதல் 2023 வரை: அரசுத் தேர்வுக்குப் படித்தேன்' என்றால் அதற்குமேல் ஒருவனும் கேளான். மறைத்தால் நேர்காணல் முழுதும் அதுவே வினா. திறன்முன் யாப்பைக் கண்ட அளவிலேயே 'ஏதோ மறைக்கிறான்' என்று ஐயுறும் ஆள்தேர்வோர் பலர். டாவின்சிக்கு அவ்விடர் இல்லை.

2.3 விரவு யாப்பு. மேலே நான்கு வரியில் திறன். கீழே பின்முன் அடைவில் வேலை. பல ஆண்டு உழைத்தவர்க்கும், ஒரு தொழிலை விட்டு மற்றொன்றுக்குப் பெயர்வோர்க்கும் உரியது. துணிக்கடைக் கணக்கர் கிடங்குப் பணிக்குச் செல்ல விரும்பின், இருப்பெண்ணிக்கை, ரசீது, டேலி என்பன மேலே வருக. துணிக்கடை கீழே வருக. நன்று.

2.4 குடிமுதல் யாப்பு. மணக்குறிப்போடு மயங்கியது. தந்தை பெயர், தாய் பெயர், உயரம், எடை, உடன்பிறந்தார், சிலபோது விண்மீனும் இராசியும் கொண்டது. ஒரே கோப்பை இருவழிக்கும் பயன்படுத்தலால் விளைவது. வேலை தருவோன் ஒருவன் இதனைப் படித்துவிட்டுச் "சகோதரிக்கு மணமாகிவிட்டதா?" என்று கேட்டதாகக் கேள்வி. பணிக்கு வேண்டாத குடிச்செய்தி அனைத்தும் நீக்குக. உயரம் மட்டும் காவற்பணிக்கும் படைப்பணிக்கும் நிற்கலாம்.

2.5 அணிமிகை யாப்பு. வண்ணமும் வட்டமும் கோடும் நிறைந்தது. வலைத்தளத்தில் இலவயமாகக் கிடைப்பது. திறனை விண்மீனால் அளத்தல் இதன் தனியடையாளம். அரூர்ப் பிள்ளை ஒருத்தியின் தன்குறிப்பில் 'தமிழ்' என்பதற்கு ஐந்தில் நான்கு மீன், ஆங்கிலத்துக்கும் நான்கு. தாய்மொழியின் ஐந்தாம் மீன் எங்குப் போயிற்று என்பதற்கு அத்தாளில் விடை இல்லை. கருப்பு வெள்ளையிற் படியெடுத்தால் இளநீலம் சாம்பலாகி எழுத்தை விழுங்கும். இவ்யாப்பை வரைவுத்தொழிலர் ஒழிந்த அனைவரும் தவிர்க்க.

இயல் 3: ஒட்டெச்சம்

தன்குறிப்புக்கு வரும் குற்றங்களுள் தலையாயது ஒட்டெச்சம். முன் வந்தவன் செய்தி பின் வந்தவன் தாளில் ஒட்டிக்கொண்டு எஞ்சுதல் இதன் இயல்பு. பிறக்கும் இடம் உலக வழக்கில் ஜெராக்ஸ் கடை எனப்படும் படியெடுப்பகம். பேருந்து நிலையத்தை ஒட்டிய அத்தகைய கடை ஒன்றில் நிகழும் முறையை உற்று நோக்குக.

"அண்ணா, ரெசியூம் ஒண்ணு போடணும்."

"பிரெசரா, எக்சுபீரியன்சா?"

"பிரெசர்தாண்ணா. டிப்ளமா, மெக்கானிக்கல்."

கடைக்காரர் புதுக்கோப்பு திறப்பதில்லை. முந்திய நாள் வந்த மெக்கானிக்கல் பிள்ளையின் கோப்பைத் திறப்பார். பெயரை அழித்துப் பெயர். "அப்பா பேரு சொல்லுப்பா" என்று கேட்டு, அதனை அழித்து அது. தொடர்பெண்ணை அழித்து எண். முதற்பக்கம் இவ்வாறு தூய்மையாகும். இரண்டாம் பக்கத்துக்கு உருட்டும்போது தேநீர் வரும், அல்லது ஆதார் அட்டைக்குப் படியெடுக்க ஒரு பெரியவர் வருவார். முன்னவனின் மின்னஞ்சல் அங்கேயே தங்கும். வேலை கிடைத்தால் ஆணை அவனுக்குப் போகும்.

எச்சம் மூவகை. ஒன்று, கொடிய எச்சம்: மின்னஞ்சல், தொடர்பெண், பிறந்தநாள். இரண்டு, பால்மயக்க எச்சம்: பெண்ணின் தாளில் 'இவரின் மகன்' என்று நிற்பது. மூன்று, பொழுதுபோக்கு எச்சம். இது ஊறு செய்யாதது. ஆனால் வரலாற்று ஆய்வுக்கு மிக வேண்டுவது. ஒரே கடையில் எழுதிய அனைவரும் 'பாட்டுக் கேட்டல், கேரம் ஆடுதல்' என்றே எழுதியிருப்பர். அக்கடையில் முதன்முதல் எழுதுவித்தவன் யாரோ, அவன் ஒருவனே கேரம் ஆடினான். அத்தொன்மையோனை 'மூல ஆட்டன்' என்போம்.

குறிக்கோளுரையும் இவ்வாறே. வளரும் நிறுவனத்தில் வளர்ந்து, அதன் வளர்ச்சிக்கு உழைத்து, தானும் வளர்தல் என்னும் அவ்வரி இம்மாவட்டத்து எல்லாத் தாளிலும் உண்டு. பொருள் எத்தாளிலும் இல்லை. அதனை நீக்கி, நாடும் பணியும் சேரத்தக்க நாளும் ஒரு வரியில் எழுதுக.

ஒட்டெச்சத்துக்கு மருந்து ஒன்றே. அச்சிடும் முன் தாளை அடியிலிருந்து மேலாகப் படித்தல். மேலிருந்து படிப்பவன் தன் பெயரைக் கண்டு மகிழ்ந்து எஞ்சியதைக் காணான். கோப்பையும் கேட்டு வாங்கி, உன் மின்னஞ்சலுக்கே அனுப்பி வைத்துக்கொள்க. அடுத்த முறை உன் எச்சம் உனக்கே வரும்.

இயல் 4: சில்லுறுப்பு

ஒளிப்படம். அமெரிக்கர் விலக்குவர், சப்பானியர் கட்டம் போட்ட படிவத்திலேயே அதற்கென இடம் விட்டு விற்பர். இங்கே கேட்டால் ஒட்டுக. அளவு 3.5 க்கு 4.5 செ.மீ. உறவினர் மணவிழாப் படத்திலிருந்து வெட்டியதில் பக்கத்து ஆளின் தோள் வரும்.

மொழியறிவு. நம்மவர்க்கு இது பெருஞ்செல்வம். அதனை அறியாது ஒரு வரியில் ஒடுக்குவர். ஒகேனக்கல்லில் ஆற்றின் அக்கரை கருநாடகம். தெலுங்கும் கன்னடமும் வீட்டிற் பேசுவோர் மாவட்டம் எங்கும் உளர். பெங்களூர் செல்வோன் கன்னடம் பேசுவான் எனின், அது நான்காம் வரியிலேனும் நிற்கத்தக்க திறன். ஆயினும் பேசல், படித்தல், எழுதல் என மூன்றாகப் பிரித்து எழுதுக. பேருந்தில் சில்லறை கேட்கும் அளவு பேச்சைப் 'பேசல்' என்று கொள்ளற்க.

எழுத்துரு. தமிழில் எழுதுவோர் ஒருங்குறியில் எழுதுக. பாமினியில் எழுதி அனுப்பினால், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் உரோமை எழுத்துக் குவியலாகத் திறக்கும்.

உறுதிமொழி. மேற்கண்டவை யாவும் உண்மை என்பது. அதன்கீழ் இடம், நாள். இடத்தில் 'தருமபுரி' என்று அச்சிட்டு, நாளை வெறுமையாக விட்டு இருபது படி எடுத்துக்கொள்வது மரபு. இதற்கு 'நாள்தாங்கு வெறுமை' என்று பெயர். ஏற்கத்தக்கதே. பேனா நிறம் மட்டும் கையொப்பத்தோடு ஒத்திருக்க.

புறனடை

கூறாது விட்டவை பிற உளவாயின், கூறியவற்றோடு ஒப்பிட்டு அடக்கிக்கொள்க. ஒன்றை மட்டும் அவ்வாறு அடக்க இயலாமையின் ஈண்டு உரைப்பாம். அதியமான்கோட்டைக் காலபைரவர் கோயிலுக்குத் தேய்பிறை எட்டாம் நாளிற் செல்வோருள் சிலர், அனுப்பவிருக்கும் தன்குறிப்பையும் உடன் கொண்டு செல்வர். தாளின் நான்கு மூலையிலும் மஞ்சள் இடுவர். இது 'நாற்கோண மஞ்சளணி' எனப்படும். பக்க ஓரம் ஒரு விரற்கடைக்குமேல் விட்டிருந்தால் இவ்வணி எழுத்தைத் தீண்டாது. ஆகலின் கதவு வாயிலோனுக்குக் கொடுக்கும் தாளில் இதனை இடலாம். பொறி வாயிலோனுக்கு அனுப்புவோர் மஞ்சளிட்ட தாளைப் படம்பிடித்து ஏற்றற்க. படத்துள் அடைபட்ட எழுத்து பொறி வாயிலோருள் பலர்க்குத் தெரியாது. முழுத் தன்குறிப்பும் வெற்றுத் தாளாகவே அவரிடம் சேரும். அவ்வாறு அனுப்புவோர் அச்சுப்படிக்கு மஞ்சளிட்டு வீட்டில் வைத்துக்கொண்டு, கோப்பைத் தனியே அனுப்புக.